பக்கவாதத்திற்குப் பின்: இரத்தப் பரிசோதனையும் இயக்கப் பயிற்சியும்

(மஹல்லா மருத்துவ விழிப்புணர்வு அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

பைத்துல்மாலின் மருத்துவ நிதியைப் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டோருக்கு எவ்வாறு செலவிடுவது என்பது குறித்து இவ்வாண்டு இரண்டு யோசனைகள் நிர்வாகக் குழுவின் முன் உள்ளன. ஒன்று, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் விரிவான இரத்தப் பரிசோதனைத் தொகுப்பு ஒன்றைச் செய்து கொடுப்பது. மற்றொன்று, அதே தொகையைக் கொண்டு இயக்கப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்வது. இதில் எது தகும் என்று மருத்துவ நோக்கில் விளக்குமாறு நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். நமது கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறோம்: இரண்டாவதே தகும். அதற்கான காரணங்களே இந்த உரை.

பக்கவாதம் என்பது கை கால்களில் தோன்றும் நோயன்று. மூளையில் தோன்றும் நோய். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலும் பக்கவாதம், வெடித்துக் கசிந்தாலும் பக்கவாதம். பெரும்பான்மை அடைப்பினால் வருபவை. பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன என்று 2006ஆம் ஆண்டு அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டுக் காட்டினார். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்திற்குள் போட வேண்டும் என்ற விதி இதனாலேயே வந்தது. தக்க நோயாளிகளுக்குக் குழாய் வழியே அடைப்பை அகற்றும் சிகிச்சையை, ஸ்கேன் பார்த்து, 24 மணி நேரம் வரையிலும் செய்யலாம் என 2018இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

ஸ்ரீரங்கத்திலும் அம்மா மண்டபம் பகுதியிலும் வாழும் நம் மக்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு வருவதானாலும், நகரின் தனியார் மருத்துவமனைகளுக்கு வருவதானாலும் காவிரியைக் கடந்தாக வேண்டும். 1976இல் கட்டப்பட்ட காவிரிப் பாலம் 2022 செப்டம்பரில் பழுதுபார்ப்பிற்காக மூடப்பட்டு, 2023இல் திறக்கப்படும் வரை சுற்றிச் சென்ற நாட்களை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பாலம் திறந்திருக்கும் நாளிலும் மாலை நேர நெரிசல் நாம் அறிந்ததே. ஆகவே வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சுக் குளறினாலோ, உறவினர் அனைவரும் வந்து பார்க்கட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். அறிகுறி தொடங்கிய மணியை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். "காலையில் எழுந்தது முதல் இப்படித்தான்" என்ற பதிலைக் கொண்டு ஊசி போடுவது எளிதன்று. நோயாளி கடைசியாக நலமாக இருந்தது எப்பொழுது என்பதே கணக்கு.

இது பற்றி முன்பும் பலர் பேசியிருக்கிறார்கள். நாம் பேச வந்தது அதற்குப் பிந்தைய கட்டம்: ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி, ஒரு கை தூக்க முடியாமல் வீட்டுக்கு வந்தவர், பின் வரும் மாதங்களில் என்ன ஆகிறார் என்பது.

இரத்தம் என்ன சொல்கிறது?

"இரத்தத்தைச் சோதித்து, கை வருமா வராதா என்று சொல்லி விடலாமாமே, அந்த டெஸ்டை எழுதிக் கொடுங்கள்" என்று நம்மிடம் கேட்போர் அண்மைக் காலமாகப் பெருகியிருக்கின்றனர். இந்தக் கேள்வி ஆதாரமின்றி எழுந்ததன்று. மூளை சேதமடையும் போது அதிலுள்ள சில புரதங்கள் இரத்தத்தில் கலக்கின்றன என்பது உண்மை. இவற்றை அறிவியலார் உயிர்க்குறியீடுகள் என்கின்றனர். அவற்றுள் சிலவற்றைச் சொல்கிறோம்.

ஜி.எஃப்.ஏ.பி. என்றொரு புரதம் மூளையின் துணைச் செல்களில் இருக்கிறது. இரத்தக்கசிவுப் பக்கவாதத்தில் இது முதல் சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் கூடி விடுகிறது. அடைப்பினால் வரும் பக்கவாதத்தில் மெல்ல மெல்லவே கூடுகிறது. ஆம்புலன்சிலேயே இரண்டையும் பிரித்தறிய இது உதவுமா என்று பல நாடுகளில் ஆராய்ந்து வருகின்றனர். ஆயினும் சி.டி. ஸ்கேனின் இடத்தை அது பிடித்து விடவில்லை. நியூரோஃபிலமென்ட் என்பது நரம்பு இழைகளின் கட்டமைப்புப் புரதம். இழைகள் அறுந்தால் அது இரத்தத்தில் சேர்ந்து, வாரக்கணக்கில் உயர்ந்து நின்று, பின் மாதங்களில் இறங்குகிறது. சேதம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு அது உயர்கிறது. ஆனால் சேதம் பெரிதென்பது ஸ்கேனிலும் நோயாளியைப் பார்த்த மாத்திரத்திலும் தெரிந்து விடுகிறதே.

எல்லோரும் கேட்பது பி.டி.என்.எஃப். என்ற புரதத்தைப் பற்றி. 1982இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இந்தப் புரதம், நரம்புச் செல்கள் பிழைக்கவும் புதிய இணைப்புகளை உருவாக்கவும் துணை செய்கிறது. உடற்பயிற்சி செய்தால் இரத்தத்தில் இதன் அளவு சற்று நேரம் உயர்கிறது என்பதும் பல ஆய்வுகளில் கண்ட செய்தி. இங்கிருந்துதான் "இந்தப் புரதத்தை அளந்தால் பயிற்சி பலிக்குமா என்று தெரிந்து விடும்" என்ற எண்ணம் பிறந்தது. எண்ணம் அழகானது; உண்மை அவ்வளவு எளிதாக இல்லை. இரத்தத்திலுள்ள இந்தப் புரதத்தின் பெரும்பகுதி இரத்தத் தட்டணுக்களில் அடைபட்டுக் கிடக்கிறது. இரத்தம் உறையும் போது அது வெளிவருகிறது. எடுத்த இரத்தத்தை எத்தனை நிமிடம் வைத்திருந்து பிரித்தார்கள் என்பதைப் பொறுத்தே விடை மாறி விடும். மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை அது எவ்வளவு தூரம் காட்டுகிறது என்பதும் முடிவாகவில்லை. பக்கவாத நோயாளிகளிடம் செய்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. எனவே ஆராய்ச்சிக்கூடத்திற்கு இது பயனுள்ள பொருள். நம் வீட்டு நோயாளிக்குப் பணம் கொடுத்துப் பார்க்க வேண்டிய பரிசோதனை அன்று.

அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற பரிசோதனையும் அப்படியே. அது உயர்ந்திருப்போருக்குப் பொதுவாக விளைவு மோசமாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் நுரையீரல் சளித் தொற்று, சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண் எது இருந்தாலும் அது உயரும். நேற்று வரை நன்றாக நடந்தவர் இன்று சோர்ந்து, பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லையானால், "சோம்பல்" என்று கடிந்து கொள்ளாமல் தொற்று இருக்கிறதா என்று பார்க்க அது உதவும். அதன் பயன் அவ்வளவே.

ஹோமோசிஸ்டீன் கதையும் கேட்கத் தக்கது. இரத்தத்தில் அது கூடியிருப்போருக்குப் பக்கவாதம் மிகுதியாக வருகிறது என்று கண்டு, பி வைட்டமின்களால் அதைக் குறைத்தால் நோய் திரும்ப வராது என்று நம்பினார்கள். 20 நாடுகளில் 8,164 பேரிடம் நடந்து 2010இல் வெளியான விட்டாடாப்ஸ் ஆய்வில் அந்த வைட்டமின்கள் தெளிவான பலனைத் தரவில்லை. இரத்தத்தில் ஓர் எண் கூடியிருப்பதும், அந்த எண்ணைக் குறைத்தால் நோய் குறையும் என்பதும் இரு வேறு செய்திகள். பரிசோதனைத் தொகுப்புகளின் விளம்பரத் தாள்களில் இந்த வேறுபாடு காணப்படுவதில்லை.

அப்படியானால் இரத்தப் பரிசோதனையே வேண்டாமா என்று கேட்டு விடாதீர்கள். வேண்டும்; விலை குறைந்த, பழைய பரிசோதனைகள் வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. கெட்ட கொழுப்பாகிய எல்.டி.எல். ஹீமோகுளோபின். சோடியம். வார்ஃபரின் மாத்திரை உண்போருக்கு ஐ.என்.ஆர். கெட்ட கொழுப்பை 70க்குக் கீழே கொண்டு வந்தோரில் 8.5 விழுக்காட்டினருக்கும், 90க்கும் 110க்கும் இடையில் நிறுத்தியோரில் 10.9 விழுக்காட்டினருக்கும் மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நிகழ்வுகள் நேர்ந்ததாகப் பிரான்சிலும் கொரியாவிலும் 2,860 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. கடும் இரத்தசோகை உள்ளவர் நடக்கும் போது எளிதில் களைத்து விடுவார். அவரால் பயிற்சியை முழுமையாகச் செய்வது கடினம். சில இரத்தக் கொதிப்பு மாத்திரைகளால் முதியோருக்குச் சோடியம் குறைந்து மனக்குழப்பம் வரும். வீட்டார் அதை மறுபடியும் பக்கவாதம் என்று அஞ்சுவர். இவையெல்லாம் அரசு மருத்துவமனையிலேயே பார்க்கக் கூடியவை. இவற்றுக்கெனப் பைத்துல்மால் பணம் தேவைப்படாது.

விரல் சொல்லும் விடை

கை வருமா வராதா என்பதை இரத்தம் சொல்லாவிட்டால் வேறு எது சொல்லும்? நோயாளியின் விரலே சொல்லும். நெதர்லாந்தில் 188 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்து 72 மணி நேரத்திற்குள் இரண்டே அசைவுகளைப் பார்த்தார்கள்: மடங்கிய விரல்களைச் சிறிதேனும் நீட்ட முடிகிறதா? தோளைப் பக்கவாட்டில் சிறிதேனும் தூக்க முடிகிறதா? இரண்டும் முடிந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் கைக்கு ஓரளவேனும் திறன் திரும்பும் வாய்ப்பு 98 விழுக்காடு. இரண்டும் முடியாதவர்களுக்கு 25 விழுக்காடு. ஊசியில்லை, செலவில்லை, அரை நிமிட வேலை.

இந்த 25 விழுக்காட்டைப் பற்றி ஒரு சொல். அது பூஜ்யம் அன்று. மூன்றாம் நாள் விரல் அசையவில்லை என்பதற்காகக் கையை விட்டு விடுதல் கூடாது. அதே வேளையில், எல்லாக் கையும் பழையபடி வரும் என்று சொல்லிக் காசு பறிப்போரையும் நம்பக் கூடாது.

பயிற்சி எவ்வாறு பலன் தருகிறது என்பதையும் சுருங்கச் சொல்வோம். இறந்த நரம்புச் செல் மீள்வதில்லை. அருகிலுள்ள செல்களும் மூளையின் மறுபாதியும் அந்த வேலையைச் சிறுகச் சிறுகக் கற்றுக் கொள்கின்றன. மதரஸாப் பிள்ளை அலிஃப், பே எழுதிப் பழகுவது போல, திரும்பத் திரும்பச் செய்தால்தான் கற்க முடியும். எத்தனை முறை என்பதில்தான் நாம் ஏமாந்து போகிறோம். அமெரிக்க, கனடா மருத்துவமனைகளில் 312 பயிற்சி அமர்வுகளை நேரில் எண்ணிப் பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். கைக்குப் பயிற்சி அளித்த அமர்வுகளில், பொருளை எடுப்பது வைப்பது போன்ற பயனுள்ள அசைவு சராசரியாக 32 முறையே நடந்திருந்தது. விலங்குகளிடம் செய்த சோதனைகளிலோ மூளை மாற்றம் காண நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான அசைவுகள் தேவைப்பட்டன. வசதி மிக்க நாடுகளின் நிலையே இதுவானால், வாரம் ஒருமுறை வந்து எண்ணெய் தேய்த்து விட்டுப் போகிறவரால் என்ன ஆகும்?

காலமும் முக்கியம். 2021இல் அமெரிக்காவில் 72 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். வழக்கமான சிகிச்சைக்கு மேல் 20 மணி நேரக் கைப்பயிற்சியைச் சிலருக்கு முதல் மாதத்திலும், சிலருக்கு இரண்டு மூன்று மாதங்களிலும், சிலருக்கு ஆறு மாதத்திற்குப் பின்னும் கொடுத்தனர். இரண்டு மூன்று மாத அளவில் பெற்றவர்களுக்கே பலன் அதிகம். ஆறு மாதம் கழித்துப் பெற்றவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. நம் பகுதியிலோ அந்த இரண்டாவது மூன்றாவது மாதத்தில்தான் கையிலிருந்த பணம் தீர்ந்து, பயிற்சி நிற்கிறது. மகன் வேலைக்குத் திரும்பி விடுகிறான். வெளிநாட்டிலிருந்து வந்தவர் விடுப்பு முடிந்து போய் விடுகிறார்.

அதற்காக முதல் நாளே எழுப்பி நடக்க வைக்கவும் கூடாது. ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் நடந்து 2015இல் வெளியான அவெர்ட் ஆய்வில், முதல் 24 மணி நேரத்திற்குள் தீவிரமாக எழுப்பி நடக்க வைத்தோரில் 46 விழுக்காட்டினரும், வழக்கமான கவனிப்புப் பெற்றோரில் 50 விழுக்காட்டினருமே மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். அவசரம் தீங்காயிற்று. சிறிது சிறிதாக, அடிக்கடி என்பதே அந்த ஆய்விலிருந்து மருத்துவர்கள் எடுத்துக் கொண்ட பாடம்.

வீட்டாரே கற்றுக் கொண்டு செய்யலாகாதா?

இது நியாயமான கேள்வி. நம் நாட்டிலேயே இதற்கு விடை தேடியிருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 2014 முதல் 2016 வரை இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு அட்டெண்ட் என்ற ஆய்வு நடந்தது. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் துரை பாண்டியன் இதில் முக்கியப் பங்கு வகித்தார். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதியினருக்கு அத்துடன் குடும்பத்தவர் ஒருவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டிலும் இரண்டு மாதம் வரை தொடரச் செய்தார்கள். 2017இல் லான்செட் இதழில் முடிவு வெளியாயிற்று. ஆறாவது மாதத்தில் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோருமாகச் சேர்ந்து இரு பிரிவிலும் 47 விழுக்காடு. வேறுபாடே இல்லை.

இந்த முடிவு பலருக்கு ஏமாற்றம் தந்தது. நமக்கும்தான். செலவில்லாமல் முடிந்து விடும் வழியாக அது தோன்றியிருந்தது. ஆயினும் இதை எப்படிப் புரிந்து கொள்வது? பயிற்சி வீண் என்று அது சொல்லவில்லை. இரு பிரிவினரும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களே. மருத்துவமனையில் சில நாள் கற்றுக் கொண்ட மனைவியோ மருமகளோ வீட்டில் தனியே செய்வது, முறையாகப் படித்தவர் செய்யும் வேலைக்கு ஈடாகாது என்பதே நாம் அதிலிருந்து கொள்ளும் பொருள். சமையல், குழந்தைகள், நோயாளியைக் குளிப்பாட்டுதல் எல்லாவற்றிற்கும் இடையில், ஓர் அசைவை நூறு முறை எண்ணிச் செய்ய வை என்று அந்தப் பெண்ணின் தலையில் சுமத்தி விட்டு நாம் கை கழுவி விடுவது நியாயமுமன்று. வீட்டார் துணை அவசியம். வீட்டார் மட்டும் போதாது.

பெண் நோயாளிகளைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். ஆண் படுத்தால் ஆட்டோ வைத்துப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் குடும்பம், வீட்டுத் தாய் படுத்தால் "அவர்களுக்கு வெளி வேலை என்ன இருக்கிறது, அறைக்குள் இருந்து கொள்ளட்டும்" என்று விட்டு விடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஆண் பயிற்சியாளர் தொட்டுப் பயிற்சி தருவதில் தயக்கம் என்றால் பெண் இயன்முறை மருத்துவரைக் கேட்டு வாங்கலாம்; திருச்சியில் அவர்கள் இல்லாமல் இல்லை. தயக்கத்தைக் காரணமாக்கிச் சிகிச்சையையே நிறுத்துவது வேறு விஷயம்.

செலவில்லாத சில வழிகள்

கண்ணாடிப் பயிற்சி என்ற ஒன்று நம் தமிழ்நாட்டவரின் சிந்தனையில் பிறந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற வி.எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையில் வலி உணர்வோருக்காக 1990களில் இதை உருவாக்கினார். பக்கவாத நோயாளிகள் ஒன்பது பேரிடம் சோதித்த முடிவு 1999இல் லான்செட்டில் வந்தது. நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, அதன் பின்னால் பலவீனமான கையை மறைத்து, நல்ல கையை அசைத்துக் கொண்டே கண்ணாடியைப் பார்க்க வேண்டும். படுத்த கை அசைவதாக மூளை காண்கிறது. பின்னர் பல நாடுகளில் நடந்த 62 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட மதிப்பீடு, துணைச் சிகிச்சையாக இது அசைவை ஓரளவு கூட்டுகிறது என்று கண்டது. கடைவீதியில் கிடைக்கும் கண்ணாடி போதும்.

விரல் சற்று அசைகிறவர்கள் தஸ்பீஹ் மணியை ஒவ்வொன்றாக உருட்டலாம். பட்டாணி, கொண்டைக்கடலையை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாம். டம்ளரில் பாதி நீர் ஊற்றி வாய் வரை கொண்டு போகலாம். தொப்பியைத் தாமே அணியலாம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது காலுக்குச் சிறந்த பயிற்சி. அருகில் ஒருவர் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் நல்ல கையாலேயே முடித்துக் கொள்ளும் பழக்கம் ஏற்பட்டால் பலவீனமான கை மறந்து போகும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. நோயாளியைத் தூக்கும் போது பலவீனமான கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு நழுவி, மாதக்கணக்கில் வலி நிற்கும். கஞ்சி குடிக்கும் போது இருமல் வந்தால் ஊட்டுவதை நிறுத்தி, விழுங்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அந்தக் கஞ்சி நுரையீரலுக்குள் போய்க் கொண்டிருக்கலாம். உணர்ச்சி குறைந்த காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கொப்புளத்தோடு வருவோர் ஆண்டுதோறும் உண்டு. புறா இரத்தம் தடவும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. மருத்துவத்தில் அதற்கு ஆதாரமில்லை. மார்க்கத்தில் இரத்தம் அசுத்தம் என்பதை உலமாக்கள் இங்கேயே இருந்து சொல்வார்கள். நோயாளி தொழ வேண்டியவர் அல்லவா?

மாத்திரை ஒன்றை விழுங்கினால் கை வந்து விடும் என்ற ஆசையும் மருத்துவ உலகிற்கே இருந்தது. ஃப்ளூக்செடின் என்ற மனச்சோர்வு மாத்திரை அசைவைக் கூட்டுகிறது என்று 2011இல் 118 பேரிடம் நடந்த பிரெஞ்சு ஆய்வு சொல்லிற்று. பிரிட்டனில் 3,127 பேரிடம் சோதித்து 2018இல் வெளியிட்ட போது அந்தப் பலன் காணவில்லை. எலும்பு முறிவு சற்றுக் கூடியதே மிச்சம். மனச்சோர்வு உள்ளவருக்கு அது நல்ல மருந்துதான். கையை அசைக்கும் மருந்தன்று.

பள்ளிவாசலும் நோயாளியும்

பக்கவாதம் வந்தவர் மீண்டும் ஜும்ஆவுக்கு வருவது அவருடைய மனத்திற்கு எவ்வளவு பலம் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழ அனுமதி உண்டு என்பது எல்லோரும் அறிந்தது. விவரங்களை இமாம்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள். நாம் சொல்வது உடலைப் பற்றி மட்டுமே. நின்றும் குனிந்தும் அமர்ந்தும் செய்யும் அசைவுகள் மூட்டுகளுக்கும் நிதானத்திற்கும் நல்லவையே. ஆனால் பலவீனமான காலோடு தரையிலிருந்து எழுவதில் விழும் அபாயம் உண்டு. முயல விரும்புவோர் முதலில் வீட்டில் பயிற்சியாளர் முன் செய்து பார்க்கட்டும். பள்ளியில் தூணை ஒட்டி, நல்ல கை தூணின் பக்கம் இருக்குமாறு நிற்கட்டும்.

நம் பள்ளியில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிரானைட் தரையில் வழுக்குகின்றன. கைப்பிடி உள்ள, அடியில் ரப்பர் பதித்த நாற்காலிகள் ஆறு போதும். வுளூச் செய்யும் இடத்தில் உட்காரும் கல் தாழ்வாக இருக்கிறது. ஈரமும் பாசியும் வேறு. ஓர் ஓரத்தில் உயரமான இருக்கையும் சுவரில் ஒரு கைப்பிடிக் குழாயும் பொருத்த வேண்டும். வாசற்படியில் சாய்தளம் பற்றிப் பேச்சு எழுந்து எத்தனை ஆண்டாயிற்று என்று நிர்வாகக் குழு பழைய குறிப்பேட்டைப் பார்த்துக் கொள்ளட்டும்.

ரமளானில் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தி விடுவோர் உண்டு. இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையும் கொதிப்பு மாத்திரையையும் நிறுத்தியதால் மறுபடி விழுந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரைப் பார்த்து, நோன்பு நோற்கலாமா, நோற்பதானால் சஹருக்கும் இஃப்தாருக்கும் மாத்திரைகளை எப்படிப் பிரிப்பது என்று எழுதி வாங்கி விடுங்கள்.

இனி யோசனைக்கு வருவோம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகள் வீடு தேடி வருவதோடு, படுத்த நோயாளிகளுக்கு இயன்முறை மருத்துவமும் வீட்டில் தரப்படுகிறது. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. ஆனால் பெயர் பட்டியலில் இருந்தால்தான் ஆள் வருவார்கள். எனவே ஜமாஅத் செய்ய வேண்டிய முதல் வேலை பணம் கொடுப்பதன்று, பெயர் கொடுப்பது. மஹல்லாவில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரின் பெயரையும், பெண்களையும் சேர்த்து, தெருவாரியாக எடுத்து, அந்தந்தப் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்ய இளைஞர் அணியினர் முன்வர வேண்டும். ஆற்றுக்கு அப்பால் ஸ்ரீரங்கம் பகுதியில் வாழும் நம் குடும்பங்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் பட்டியலில் விடுபட்டுப் போகக் கூடாது.

அரசுப் பயிற்சியாளர் வருகை போதாத இடத்தில், நோய் வந்த முதல் மூன்று மாதத்திற்கு மட்டும், வாரம் மூன்று முறை தனியார் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வரும் செலவைப் பைத்துல்மால் ஏற்கலாம். அவர் வராத நாட்களில் செய்ய வேண்டியதைத் தாளில் எழுதி, எண்ணிக்கையைக் குறித்து வைக்கட்டும். மூன்று மாதம் கழித்து, முன்னேற்றம் இருப்போருக்கு நீட்டிப்பதைக் குழு முடிவு செய்யலாம். ஆறு மாதம், ஓராண்டு கடந்தவர்களை மறந்து விட வேண்டும் என்பதன்று. அவர்களுக்குச் சக்கர நாற்காலி, நான்கு கால் ஊன்றுகோல், கணுக்காலைத் தாங்கும் பட்டை போன்றவற்றை இரவலாகக் கொடுத்து வாங்கலாம். பயன்படுத்தியோர் திருப்பித் தந்தால் அடுத்தவருக்கு ஆகும். எத்தனையோ வீட்டுப் பரண்களில் அவை தூசி படிந்து கிடக்கின்றன. அடுத்த வெள்ளிக்கிழமை அவற்றை அலுவலகத்தில் ஒப்படைத்தால் பெயரெழுதி இரசீது கொடுக்கச் செயலாளர் இசைந்திருக்கிறார்.

மருத்துவக் குறிப்புகளுடன் வந்திருப்போர் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா அறைக்கு வாருங்கள். மஃரிப் வரை அங்கே இருப்போம். நோயாளியால் வர இயலாவிட்டால், விரல் நீட்ட முடிகிறதா, தோள் தூக்க முடிகிறதா, நோய் வந்து எத்தனை நாள் என்ற மூன்றையும் பார்த்து வந்து சொன்னால் போதும்.